ஆஸ்டின் சத்தம்

கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை ஒட்டிய அந்தச் சந்துக்குள் சிவராமகிருஷ்ணனின் ஆஸ்டின் கார் திரும்பும்போதே தெரு முழுக்க விஷயம் தெரிந்துவிடும். டிராம் ரோட்டு முனையில் தட்தட்தட் என்று ஆரம்பிக்கும். வாசலுக்கு வருவதற்குள் ஜன்னல் கம்பியெல்லாம் அதிரும். கடைசியில் வயிறு பொருமிய மனுஷன் ஏப்பம் விட்ட மாதிரி ஒரு வெடி வெடித்துவிட்டுத்தான் அடங்கும். கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த நாகரத்தினம் திருநெல்வேலிக்காரர். "சார் வண்டி வந்தா பெருங்காய டப்பா தானா முன்னால நகந்து வருதும்மா, எடுத்துக் குடுக்க ஆளே வேண்டாம்" என்று சொல்லிச் சிரிப்பார். எதிர்வீட்டு வங்காளிக் கிழவர் காதைப் பொத்திக்கொள்வார். தெருவே திட்டிய அந்தச் சத்தத்தை மாடியில் இருந்த நாகலட்சுமி மட்டும் தெய்வமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் அது சிரிக்கிற விஷயமில்லை.

நாகலட்சுமிக்கும் சிவராமகிருஷ்ணனுக்கும் ஒரே பெண், விஜயலக்ஷ்மி. பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கூட வேலை பார்த்த தீபங்கர் என்கிற வங்காளிப் பையனை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக வந்து வாசலில் நின்றாள். அன்றைக்கு ஊரிலிருந்து மைத்துனன், ஓரகத்தி என்று பத்துப் பேர் வந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் சிவராமகிருஷ்ணன் பூணூலைப் பிடித்துக்கொண்டு, "இவ இருக்கற ஆத்துல என் கால் படாது. இவ உள்ள வந்தா நான் வெளியில" என்று சொல்லிவிட்டார். சொன்னது சொன்னதுதான். பழைய வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் கணக்கராக இருந்தவர். ஊருக்குக் கப்பல் ஏறிய துரை, "நீதான் ஒழுங்காக வைத்துக்கொள்வாய்" என்று நம்பிக் கொடுத்துவிட்டுப் போன கார் அது. உலக யுத்தத்துக்கு முந்தின மாடல். அப்படிப்பட்டவர் வாக்கு மாறுவாரா?

ரிடையர் ஆன பிறகு நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தார். பேப்பர் படிப்பார், காரைத் துடைப்பார், மறுபடி பேப்பர் படிப்பார். புதன்கிழமை மத்தியானம் மட்டும் சபா கமிட்டிக்குப் போவார். எப்போது திரும்புவார் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. வாய்ச்சண்டை வளர்ந்தால் விளக்கு வைக்கிற நேரமாகும், ஆள் சேராவிட்டால் போன சுருக்கில் திரும்பிவிடுவார். புதன்கிழமை விஜிக்கு அரைநாள்தான் பள்ளிக்கூடம். அவள் குழந்தை மிமியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்துவிடுவாள்.

"அம்மா, மோர்க்குழம்புல வெண்டைக்காய் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன். உங்காத்துல பண்றதில்லையா?"

"அங்க மாமியார் வெண்டைக்காய்க்குக் கடுகை அரைச்சு விட்டுடறா. நன்னாத்தான் இருக்கு. மூக்குல ஏறி உச்சந்தலைக்குப் போயிடறது."

மிமிக்குப் பேச்சு வங்காளத்தில்தான். "திதா, ஜொல் காபோ" என்பாள் பாட்டியைப் பார்த்து.

"தண்ணி வேணும்னு சொல்லுடி கண்ணே. தண்ணி."

"தொண்ணி" என்று குழந்தை சொல்லும். நாகலட்சுமிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோகும்.

அப்போதுதான் முனையில் தட்தட்தட் என்று கேட்கும். உடனே தட்டு ஒரு பக்கம், சொம்பு ஒரு பக்கம். விஜி குழந்தையை இடுப்பில் இடுக்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவுக்கு ஓடுவாள். அந்தக் காலத்துக் கல்கத்தா வீடுகளில் பின்பக்கம் ஒரு சுருள் இரும்புப் படி இருக்கும். கக்கூஸ் கழுவ வருகிற ஜமாதார் ஏறி இறங்குவதற்காகக் கட்டினது, வீட்டு மனுஷர்கள் அதில் கால் வைக்கமாட்டார்கள். அந்தப் படி வழியாக அந்த வீட்டுப் பெண் பின்சந்தில் இறங்கிப் போவாள். நாகலட்சுமி எச்சில் தட்டைக் கழுவிக் கவிழ்த்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்கதவைத் திறப்பாள்.

"யாராவது வந்தாளா?" என்று கேட்டபடி சிவராமகிருஷ்ணன் உள்ளே வருவார்.

"யார் வரப்போறா" என்பாள் அவள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. எத்தனை நாள் என்று அவள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கணக்குப் பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயம்.

எழுபத்தேழில் ஆடி மாசத்து மழை. கல்கத்தாத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்க, அதில் மூழ்கி மூழ்கி ஆஸ்டினின் சைலன்சர் ஏற்கெனவே சல்லடையாகியிருந்தது. ஒரு புதன்கிழமை கடியாஹாட்டில் டிராம் தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கியதும் குழாயோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு விழுந்துவிட்டது. பின்னால் வந்த டிராம் நின்று, கண்டக்டர் இறங்கி வந்து கத்தி, ஜனங்கள் கூடி ஆளுக்கு ஒரு யோசனை சொல்லி, கடைசியில் காரை ஹாரு மிஸ்திரியின் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சிவராமகிருஷ்ணன் கைரிக்ஷாவில் வந்து இறங்கினார். மடியில் செத்த பாம்பு மாதிரி அந்தத் துருப்பிடித்த குழாய்.

"போயிடுத்து நாகு. மொத்தமா போயிடுத்து."

அவள் திரும்பிப் பின்கதவைப் பார்த்தாள். நல்லவேளை, விஜி அன்றைக்குக் குழந்தைக்கு ஜுரம் என்று வரவில்லை. வந்திருந்தால்? ரிக்ஷா மணி கீழே கிணுகிணுத்தது அவள் காதிலேயே விழவில்லையே!

அதிலிருந்து அவருக்குச் சபா கமிட்டியும் கிடையாது. "கார் இல்லாம டிராம்ல தொங்கிண்டு என்ன கமிட்டி" என்று வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். ஆகவே விஜிக்கும் வர வழியில்லை. நாகலட்சுமி மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் ஒருநாள் கடைப் போனிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பேசினாள். "இன்னிக்கும் வராதேடி. ஆத்துலயேதான் இருக்கார்." அந்தப் பக்கம் பெண் மூக்கை உறிஞ்சியது கேட்டது. பெரிய வீடுதான், காற்றோட்டமாக மூன்று அறை. அந்த ஒரு மாசம் அவளுக்கு அது எலிப்பொறியாக இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தால் சைலன்சர் பேச்சுதான். பழைய கார்ச் சாமான் விற்கிற மல்லிக் பஜாரில் தேடியும், தானே அடித்தும் ஹாரு மூன்று சாமான் சேர்த்து வைத்திருந்தான். தினம் காலையில் பட்டறைக்குப் போய் மூன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். எதையும் முடிவு செய்யமாட்டார்.

"ஒண்ணு அசல் விலாயத்தி, சீமைச் சரக்கு. கிரீஸ் காகிதம்கூடப் பிரிக்கலை. எந்தப் பழைய கராஜ்லயோ தூங்கிண்டிருந்திருக்கு. மாட்டினா பூனை நடக்கற மாதிரி போகும். ரெண்டாவது அம்பாசடரோடது. வெட்டி, நீளம் குறைச்சு, பத்த வெக்கணும். கொஞ்சம் இரையும். மூணாவது ஹாருவே தகரத்துல அடிச்சுப் பண்ணினது. அது உடுக்கை மாதிரி."

"எது நல்லது?" என்று கேட்டாள்.

"நல்லது விலாயத்திதான். அதுல என்ன சந்தேகம்? ஆனா பாரு, புகை சும்மா ஓடியும் போகப்படாது, உள்ளயே முட்டிண்டு நிக்கவும் கூடாது. முட்டினா இஞ்சின் மூச்சு திணறிடும். வழியும் விடணும், விட்டுக் குடுக்கவும் கூடாது. அதுதான் சைலன்சர்."

"அப்பறம் என்ன யோசனை?"

அவர் தட்டை நகர்த்தி, இன்னும் கொஞ்சம் ரசம் விடச் சொன்னார். கிழத்துக்குக் காரென்றால் கூறு கெட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் துணியும் கையுமாக அந்தக் காரின் பித்தளையைப் பளபளவென்று தேய்க்கிற மனுஷன் ஓட்டைச் சைலன்சரை மட்டும் இத்தனை வருஷம் ஏன் விட்டுவைத்தார் என்று அவள் யோசிக்கவே இல்லை. தனக்கு லாபமான விஷயத்தை யார் கிளறிப் பார்ப்பார்கள்?

ராத்திரியெல்லாம் விலாயத்திச் சைலன்சர் அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பூனை மாதிரி வந்து நிற்கும். படியேறி வருவார். விஜி தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். மனுஷர் ஒரு வார்த்தை பேசமாட்டார். வேஷ்டி துண்டை எடுத்துக்கொண்டு மடத்தில் போய் இருந்துவிடுவார். செய்யக்கூடியவர்தான். அப்புறம் விஜி இந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கமாட்டாள். புருஷனும் இல்லை, பெண்ணும் இல்லை.

மறுநாள் "கறிகாய் வாங்கிண்டு வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் நேரே மனோகர்புக்கூர் சந்தில் இருந்த பட்டறைக்குப் போனாள். அடுப்புக் கரியும் கார்பைடும் கலந்த நாற்றம். ஹாரு காருக்கு அடியிலிருந்து மல்லாந்தபடியே நகர்ந்து வெளியே வந்தான். நாற்பது வயசு, வாய் நிறைய வெற்றிலை.

"மாஷிமா! நீங்களா? இந்தக் குப்பைக்குள்ள ஏன் வந்தீங்க, சொல்லி அனுப்பினா நான் வரமாட்டேனா?" என்றான் வங்காளத்தில்.

மூன்று சைலன்சரும் சாக்கின் மேல் வரிசையாகக் கிடந்தன. நாகலட்சுமி அவற்றைப் பார்த்தாள். கல்கத்தாவுக்கு வந்து முப்பது வருஷமாகியும் அவளுக்குத் தெரிந்த வங்காளம் கறிகாய்க் கடையோடு சரி. ஆனாலும் வழி முழுக்க ஒரு வாக்கியத்தை ஒட்டுப்போட்டுத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். சாயங்காலம் எதிர்வீட்டில் சங்கு ஊதினால் 'ஷாங்க் பாஜே' என்பார்கள். மணி என்ன என்று கேட்க 'கொட்டா பாஜே'. ஆக, பாஜே என்றால் ஒலிப்பது, சத்தம் போடுவது. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

"ஹாரு, ஜேட்டா பாஜே, ஷேட்டா தாவ்" என்றாள். எது சத்தம் போடுமோ அதைக் கொடு.

ஹாருவின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது.

"பாஜே?" என்றான்.

"ஹ்யா, ஹ்யா. பாஜே."

"ஆமார் ஹாத்தே பாஜே?" என்று, என் கையிலா பாஜே என்கிற மாதிரி, தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டான்.

"ஹ்யா! கூப் பாஜே!" என்று சந்தோஷமாகத் தலையாட்டினாள். ரொம்பச் சத்தம் போடவேண்டும் என்று சொன்னதாக அவள் நினைப்பு. அவன் முகம் சிவந்து, காளி மேல் ஆணையாக என்னவோ மளமளவென்று சொன்னான். ஒத்துக்கொண்டான் என்று எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு வாழைப்பூ மலிவாகக் கிடைத்தது. முனகலில் ஒரு கீர்த்தனைகூட வாயில் வந்தது.

நாலைந்து நாள் கழித்து ஹாருவே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மாடிக்கு வந்தான். சிவராமகிருஷ்ணன் கீழே காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"எங்கே வண்டி? சத்தமே கேட்கலையே?" என்றாள்.

"கேக்காது மாஷிமா!" அவன் மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். "பாபு கடைசியில அம்பாசடர்தான் போடணும்னார். ரொம்பப் பிடிவாதம். நான் மாட்டேன்னுட்டேன். மாஷிமா பட்டறைக்கே வந்து, உன் கையில இருக்கறது அத்தனையும் மட்டம், எது மட்டமோ அதையே குடுன்னு குத்திக் காட்டிட்டுப் போயிருக்காங்க, நான் பாஜே சாமானையா போடுவேன்? விலாயத்தியை மாட்டிட்டேன். இஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. காதைக் குடுத்துக் கேளுங்க."

பாஜே என்றால் மட்டம். உதவாதது. ஐயோ கடவுளே! முந்தாநாள்தானே சொத்தைக் கத்திரிக்காயைக் கடைக்காரன் முகத்துக்கு நேரே நீட்டி 'பாஜே பேகுன்' என்று சண்டை போட்டாள்! முப்பது வருஷமாக இரண்டு பாஜேயையும் தினம் சொல்லிக்கொண்டிருந்தும் இரண்டும் ஒரே வார்த்தை என்று மண்டையில் ஏறவில்லையே. நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஹாருவுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். என்ன செய்வது, அவன் நல்லதைத்தான் செய்திருக்கிறான்.

சிவராமகிருஷ்ணன் மேலே வந்து உட்கார்ந்தார். முகத்தில் சுரத்தே இல்லை.

"ரொம்ப நன்னா இருக்கு" என்றார், பிடிக்காத பண்டத்தைத் தின்கிற மாதிரி. அம்பாசடருடையது மலிவு, அதனால்தான் கேட்டிருப்பார், கருமி என்று அவள் நினைத்தாள்.

புதன்கிழமை வந்தது. அவர் கமிட்டிக்குக் கிளம்பினார். கார் கிளம்பியதே தெரியவில்லை. விஜியை வராதே என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை, பார்த்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. பின்கதவைத் திறந்து வைத்து, அதன் பக்கத்திலேயே தட்டைப் போட்டாள். மிமிக்குச் செருப்பைக் கழற்றவில்லை. மத்தியானமே கரண்ட் போய்விட்டது. லோட் ஷெட்டிங். மின்விசிறி நின்று, ரேடியோக்கள் நின்று, தெருவே வாய்மூடிக் கிடந்தது. வானம் கறுத்து, ஒரு பொட்டுக் காற்றில்லை.

"அம்மா, எனக்கு இப்படிச் சாப்பிட்டா தொண்டையில இறங்கலை" என்றாள் விஜி. ஒரு கை சோற்றில், ஒரு கை குழந்தையின் மேல். கண் முன்கதவில்.

"பேசாம சாப்பிடு. நான் காதைத் தெருவுலதான் வெச்சிண்டிருக்கேன்."

அப்போது கீழே ஹார்ன் அடித்தது. வாசலிலேயே. நீளமாக, இரண்டு தரம்.

விஜி எழுந்துவிட்டாள். நாகலட்சுமி பால்கனிக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். ஆஸ்டின் வீட்டுக்கு நேராக நின்றுகொண்டிருந்தது. வந்து எத்தனை நேரமாயிற்றோ. சிவராமகிருஷ்ணன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேர் எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுபடி ஹார்னை அமுக்கினார். நாகரத்தினம் கடையிலிருந்து தலையை நீட்டி, "என்ன சார், இறங்காம ஹார்ன் அடிக்கிய? கதவு மாட்டிக்கிட்டா?" என்றார்.

"ஒண்ணுமில்லேப்பா."

"ஏன்னா!" என்று கூப்பிட்டாள் நாகலட்சுமி. "எதுக்கு ஹார்ன்?"

அவர் அண்ணாந்து பார்த்தார். "சும்மாத்தான். நீ கைவேலையா இருந்தியானா... ஆச்சுன்னா சொல்லு. நான் மெதுவா வரேன்."

ஆச்சுன்னா சொல்லு. எது ஆச்சுன்னா? நாகலட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அம்பாசடருக்கு அடம் பிடித்த மனுஷன். நல்ல சாமானைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாசம் முடிவு செய்யாத மனுஷன். எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அவர் ஸ்டியரிங் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எத்தனை நாளா தெரியும்?"

"மெதுவாப் பேசு. தெரு." பிறகு, "சைலன்சர்ல முதல்ல ஓட்டை விழுந்தப்போ ஒருநாள், அவ பின்சந்துல போறதைப் பார்த்தேன். ரிப்பேருக்கு விடலாம்னுதான் இருந்தேன். அப்பறம் விடலை. உனக்காகத்தான் நாகு."

வேறு யாராவது கேட்டிருந்தால் அங்கேயே உருகிப் போயிருப்பார்கள். என்ன நல்ல மனசு, வாக்கையும் காப்பாற்றி வழியும் விட்டாரே என்று. நாகலட்சுமிக்கோ ஆத்திரம்தான் வந்தது. அந்தத் தெருவில் அவள் குரல் இதுவரை கேட்டதில்லை.

"எனக்காகவா? மிமி வயத்துல எட்டு மாசம். கொட்டற மழை. செருப்பைக் கையில பிடிச்சுண்டு அந்த ஜமாதார் படியில எறங்கினா. வழுக்கி, உக்காந்த வாக்குல தடதடன்னு போனா. நான் மேலேந்து வாயைப் பொத்திண்டு பார்த்துண்டு நின்னேன், கத்தினா உங்க காதுல விழுமேன்னு! அப்போ நீங்கோ இங்க கார்ல உக்காந்துண்டு, பொண்ணு எறங்கி முடிச்சாளான்னு காத்துண்டிருந்தேளாக்கும்? அதுவும் எனக்காகத்தானா?"

"விழுந்தாளா?" என்றார் அவர். முகம் வெளுத்துவிட்டது. "அது எனக்குத் தெரியாது. நீ சொல்லலையே."

"யார்கிட்ட சொல்றது? யாராவது வந்தாளான்னு கேட்டேளே, வாரம் தவறாம, தெரிஞ்சுண்டே கேட்டேளே, உங்ககிட்டயா சொல்றது?"

"சத்தியம் பண்ணிட்டேனே நாகு. பத்துப் பேருக்கு முன்னால."

"பண்ணினேள். காப்பாத்துங்கோ. நான் குறுக்கே வரலை. அவ இருக்கற ஆத்துல உங்க கால் படாதுன்னேள் இல்லையா? அவ இருக்கா. சாப்பிடுவா, செத்த படுத்துப்பா, காப்பி குடிப்பா. அப்பறம் முன்வாசல் வழியா, உங்க வண்டிக்கு எதிராத்தான் எறங்குவா. அதுவரைக்கும் நீங்கோ எங்க இருக்கணுமோ இருங்கோ."

எதிர்வீட்டுக் கிழவர் பால்கனிக்கு வந்துவிட்டார். நாகரத்தினம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, எடை போட ஒன்றுமில்லாத தராசைத் துடைத்தார். சிவராமகிருஷ்ணன் கதவின் கைப்பிடியில் கையை வைத்தார். திறக்கவில்லை. கீழே இறங்கி எங்காவது போகலாம், வண்டியைக் கிளப்பிக்கொண்டும் போகலாம். அதுவும் முடியவில்லை மனுஷருக்கு.

நாகலட்சுமி உள்ளே போனாள். விஜி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்படியில் ஒரு காலை வைத்து நின்றாள்.

"அம்மா, நான் போயிடறேன். வேண்டாம்மா, சண்டை..."

"உள்ள வா."

"அப்பா கீழே..."

"உள்ள வாடின்னேன்!"

பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். துருப்பிடித்த தாழ்ப்பாள், இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. தட்டை எடுத்துக் கூடத்து நடுவில் வைத்து, பெண்ணை அதன் முன்னால் உட்கார்த்தினாள். மிமியின் செருப்பைக் கழற்றினாள். விஜி அழுதுகொண்டே சாதத்தைப் பிசைந்தாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கல்கத்தாவின் ஆவணி மழை, தூறலென்று ஒன்று கிடையாது, எடுத்தவுடனேயே கொட்டும். நாகலட்சுமி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் கார்க் கண்ணாடியை ஏற்றப் பார்த்தார். பாதியில் மாட்டிக்கொண்டது. ஒரு தோள் நனைந்துகொண்டிருந்தது. அறுபத்திரண்டு வயசு, சளி பிடித்தால் மார் கட்டிக்கொள்ளும்.

ஆணியில் தொங்கிய குடையை நோக்கி அவள் கை போயிற்று, போனது நிஜம். அந்தக் கை பாதி வழியில் நின்றது. பிறகு திரும்பி வந்து, கரண்டியை எடுத்து, பெண்ணின் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் விட்டது.

"நிதானமா சாப்பிடு" என்றாள் நாகலட்சுமி.